தம்பியைக் கொன்றவனுக்கு வயது 17

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கைப்பட எழுதிய ஒன்பது பக்கங்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் ஒரு பள்ளி ஆசிரியை, வயது 29. அவருடைய தம்பிக்கு 23 வயது, இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை. நான்கு மாதங்களுக்கு முன்பு, ஊர்க் கோயில் கொடை முடிந்த இரவில், கொடைக்காக வசூலித்த வரியின் கணக்கு பற்றி எழுந்த வாய்த்தகராறில் தம்பி வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்று பேர் மீது வழக்கு. இரு தரப்பும் ஒரே சமூகம். 26, 31 வயதுள்ள இருவர் சிறையில் இருக்கிறார்கள், அவர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. மூன்றாமவனுக்கு அன்றைக்கு 17 வயது மூன்று மாதம். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவன். 'அக்கா, அக்கா' என்று இவர் வீட்டிலேயே வளர்ந்தவன். ஏழாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்தச் சகோதரிதான். அரிவாள் அவன் கையில் இருந்ததாக முதல் தகவல் அறிக்கை சொல்கிறது. வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் சில வாரம் இருந்துவிட்டு ஜாமீனில் வந்து, இப்போது வேறு மாவட்டத்தில் மாமா வீட்டில் இருக்கிறான்.

"பதினெட்டு ஆக ஒன்பது மாதம் குறைவு என்பதற்காக என் தம்பியின் உயிர் பாதி விலைக்குப் போய்விடுமா? மூன்று ஆண்டு விடுதி மாதிரி ஓரிடத்தில் வசதியாக இருந்துவிட்டு வந்து எங்கள் தெருவிலேயே நடப்பானாம். புனேயில் காரை ஏற்றி இரண்டு பேரைக் கொன்ற பையனைக் கட்டுரை எழுதச் சொல்லி அனுப்பினார்களே, அதுதான் நமக்கும் நடக்கும் என்கிறார்கள். கொலை செய்யத் தெரிந்தவன் எப்படிக் குழந்தை ஆவான்? அவனுக்கு ஆயுள் தண்டனை வாங்க நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். பள்ளியில் வயதைக் குறைத்துப் போட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் அவருக்கு இருக்கிறது. பையனின் தாய் இரண்டு லட்சம் ரூபாயுடன் வந்து இவருடைய அம்மாவின் காலில் விழுந்திருக்கிறார். உறவினர்கள் பையனின் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், 16 வயது முடிந்த சித்தப்பா மகனைப் பற்றி நான்கு வரிகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வழக்கறிஞராகப் படிக்க முடியவில்லை. 'மைனஸ் குறியை எப்போதும் மறந்துவிடுவான், நான்தான் சிவப்பு மையில் போட்டுக் கொடுப்பேன்' என்ற வரியில் நின்றுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவன் செய்திருந்தால் உங்களுக்கு இழப்பு மட்டும்தான் இருந்திருக்கும். இங்கே அதோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. அதற்குச் சட்டத்தில் பெயர் கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலையுண்டவர்களின் குடும்பங்களுக்காகவும் நின்றிருக்கிறேன், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களுக்காகவும் வக்காலத்துப் போட்டிருக்கிறேன். நான் சொல்வதை எடைபோட உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று ஆண்டு என்பது பாதி உண்மை

நீங்கள் கேள்விப்பட்டது பழைய சட்டம். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமையில் ஈடுபட்டவர்களில் ஒருவன், பதினெட்டுக்குச் சில மாதம் குறைந்தவன். அன்றிருந்த சட்டப்படி அவனுக்கு மூன்று ஆண்டுதான் கொடுக்க முடிந்தது. 2015 டிசம்பர் 20 அன்று அவன் வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இத்தனைக்கும் அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, வயது வரம்பைக் குறைக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்லியிருந்தது.

புதிய சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: சிறு குற்றம், கடுங்குற்றம், கொடுங்குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ளது கொடுங்குற்றம். கொலைக்குக் குறைந்தபட்சமே ஆயுள் தண்டனை என்பதால் உங்கள் வழக்கு இதில்தான் வருகிறது. பதினாறு வயது நிறைந்த ஒருவன் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் அந்தக் குழுமம். குற்றம் செய்யும் அளவுக்கு அவனுக்கு உடல் திறன், மனத் திறன் இருந்ததா, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழலில் அது நடந்தது என்பவற்றைப் பார்ப்பார்கள். அவன்தான் செய்தானா என்பதை இந்தக் கட்டத்தில் முடிவு செய்ய மாட்டார்கள்.

புனே சம்பவத்தை இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024 மே மாதம் நடந்த அந்தச் சம்பவத்தில் விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னது ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று, தண்டனை அல்ல. அது அபத்தமான நிபந்தனை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அங்கே சாட்டப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தபட்சமாக ஏழு ஆண்டு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவை கொடுங்குற்றம் ஆகாது என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவனாக விசாரிக்கும் கதவு அங்கே பூட்டியே இருந்தது. உங்கள் வழக்கில் அது பூட்டப்படவில்லை.

மதிப்பீட்டை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நான்கு மாதம் ஆகிவிட்டதால் வழக்கே போய்விடும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். போகாது. கெடு தாண்டியதாலேயே மதிப்பீடு செல்லாததாகிவிடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

பெரியவனாக விசாரிக்கலாம் என்று குழுமம் சொன்னால் அடுத்த நாளே ஆயுள் தண்டனை என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அந்த நீதிமன்றம் குழுமத்தின் கருத்தை அப்படியே ஏற்காமல், தானும் ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அதன் பிறகே விசாரணை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் 21 வயது வரை அவனைச் சிறைக்கு அனுப்ப முடியாது, பாதுகாப்பிடம் எனப்படும் தனி இல்லத்தில்தான் வைக்க வேண்டும். 21 ஆனதும் மீண்டும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. திருந்தியிருக்கிறான் என்று நீதிமன்றம் கருதினால் நிபந்தனைகளுடனும் கண்காணிப்புடனும் விடுவிக்கலாம், இல்லையென்றால் மீதித் தண்டனைக்குச் சிறைக்கு அனுப்பலாம். மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. உங்கள் அம்மா கேட்கும் தூக்கு இந்தச் சட்டத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை அவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது, நீதிமன்ற வாசலில் வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டாம்.

குழுமமே வைத்து விசாரித்தால், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். பிறகு அந்தப் பதிவு அவன் எதிர்காலத்துக்குத் தடையாக நிற்காது. பெரியவனாக விசாரித்துத் தண்டிக்கப்பட்டால் பதிவு நிற்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை இவை. அடுத்த அமர்வுக்கு முன்பே ஒரு வழக்கறிஞர் மூலம், உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று குழுமத்தில் எழுத்துபூர்வமாக மனுக் கொடுங்கள். கட்டணம் கட்ட வசதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண் என்ற முறையிலேயே உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கொலையுண்டவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டு மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். மதிப்பீட்டில் உளவியல் நிபுணரின் உதவி பெறப்பட்டதா என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கட்டும். குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லாதபோது அந்த உதவி கட்டாயம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. மதிப்பீட்டு உத்தரவு உங்களுக்கு எதிராகப் போனால் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்த 30 நாளை நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.

அந்த 2022 தீர்ப்பு எந்த வழக்கில் வந்தது தெரியுமா? 2017 செப்டம்பரில் குருகிராம் பள்ளி ஒன்றின் கழிப்பறையில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கு. முதலில் காவல்துறை ஒரு பஸ் நடத்துநரைப் பிடித்தது. பிறகு சி.பி.ஐ. வந்து, அதே பள்ளியின் 16 வயது மாணவனைக் கைது செய்தது. அவனைச் சிறுவனாக விசாரிப்பதா, பெரியவனாக விசாரிப்பதா என்ற ஒரு கேள்வி மட்டுமே ஐந்து ஆண்டுகளை விழுங்கிவிட்டது. இந்தப் பாதையில் நடக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எவ்வளவு தூரம் என்பது தெரிந்து கிளம்புங்கள்.

வயதுச் சான்று

எலும்புப் பரிசோதனை எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தில் அது கடைசிப் படி. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ முதலில். அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை, அதுவும் ஓராண்டு இரண்டாண்டு முன்பின் போகக்கூடியது. உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அவன் பிறந்த ஊரின் பிறப்புப் பதிவைத் தேடிப் பாருங்கள். வேறு தேதி இருந்தால் அந்த நகலைக் குழுமத்தின் முன் வையுங்கள். ஊரில் பேசிக்கொள்வதை மட்டும் வைத்து இதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

"எப்படிக் குழந்தை ஆவான்?"

நான் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. கொலை குழந்தைத்தனம் அல்ல. 'தெரியாமல் செய்துவிட்டான்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் கோபப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. வெட்டினால் சாவான் என்பது பதினேழு வயதுக்காரனுக்குத் தெரியும். சட்டமும் அவனுக்கு அறிவில்லை என்று சொல்லவில்லை. தெரிந்ததை அந்த நேரத்தில் பிடித்து நிறுத்தும் கடிவாளம் அந்த வயதில் இன்னும் இறுகவில்லை என்கிறது. கூட இரண்டு பேர் நின்று ஏற்றிவிடும்போது அது இன்னும் தளர்கிறது. வகுப்பறையில் இதை என்னைவிட நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். தனியாக நின்றால் தலையைக் குனிகிற பையன், கடைசி பெஞ்சில் நான்கு பேருடன் உட்கார்ந்தால் வேறு ஆள்.

இந்தப் பிரிவினை நமக்கு வெளியிலிருந்து வந்த புதுமையும் அல்ல. சிறுவர்களைத் தனியாக வைத்து விசாரிக்க இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம், 1920-இல். இதில் கடுமையாகப் போன நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2005 வரை மரண தண்டனை இருந்தது. அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நிறுத்தியது. 2012-இல், கொலை என்றாலே கட்டாயமாக வெளிவர முடியாத ஆயுள் தண்டனை என்ற விதியையும் சிறுவர்கள் விஷயத்தில் நீக்கியது.

என் கருத்தைக் கேட்டால், வளர்ந்துகொண்டிருக்கும் ஒருவனை இருபது ஆண்டு பூட்டி வைப்பது நீதி என்று நான் நம்பவில்லை. கொலைக்கு மூன்று ஆண்டு என்ற உச்சவரம்பு ஒரு குடும்பத்தின் முகத்தில் அறைவது போலிருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். இரண்டுக்கும் நடுவே நாடாளுமன்றம் அவசரத்தில் வைத்த கதவுதான் இப்போது இருப்பது. அது சரியாகச் செதுக்கப்படாத கதவு. பல மாதம் கழித்து ஓர் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு, அந்த இரவில் அவன் மனம் எப்படி இருந்தது என்று ஒரு நிபுணர் எப்படிச் சொல்வார்? இன்னொரு கோணலையும் பாருங்கள். உங்கள் தம்பி அன்றைக்குப் பிழைத்திருந்தால் இது கொலை முயற்சி. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால் பெரியவனாக விசாரிக்கவே முடியாது. ஆனால் 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் காதலித்து ஊரைவிட்டுப் போய்ச் சேர்ந்து வாழ்ந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பத்து ஆண்டு குறைந்தபட்சம் இருப்பதால் அவன் கொடுங்குற்றவாளி ஆகிவிடலாம். அரிவாள் எடுத்தவனுக்குத் திறக்காத கதவு காதலித்தவனுக்குத் திறக்கிறது. கூர்நோக்கு இல்லத்து வாசலில் நிற்கும் தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல நான் பட்ட பாடு தனிக்கதை.

'விடுதி மாதிரி வசதியாக' என்ற உங்கள் வரியையும் திருத்தியாக வேண்டும். 2022 டிசம்பர் கடைசியில், பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் இறந்துபோனான். அங்கிருந்த பணியாளர்களே கைதானார்கள். அதன் பிறகு இந்த இல்லங்களை ஆராய அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. வசதிக்காக யாரும் அங்கே போவதில்லை.

அரிவாள் அவன் கைக்கு எப்படி வந்தது?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஆறாம் பக்கம். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அன்று மாலை அந்த இருவரும் பையனைக் கூட்டிப்போய்ச் சாராயம் வாங்கிக் கொடுத்ததை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அரிவாள் 31 வயதுக்காரருடைய வாழைத்தோட்டத்து அரிவாள். உங்கள் தம்பியுடன் வரிக்கணக்கில் முன்பகை இருந்தது அவருக்குத்தான், பையனுக்கு இல்லை. இப்போது அந்த இருவரின் வழக்கறிஞர், வெட்டியது பையன்தான், இவர்கள் விலக்கிவிடப் போனவர்கள் என்கிறார்.

சகோதரி, நீங்கள் பையனுக்கு ஆயுள் வேண்டும் என்று ஒரு பக்கம் மட்டும் பார்த்து இழுத்தால், மறுபக்கம் அந்த இருவரும் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலேறி வந்துவிடுவார்கள். 'எல்லாம் அவன்தான்' என்பது அவர்களுக்கு வேண்டிய வாக்கியம். அதை உங்கள் வாயிலிருந்தே வரவழைக்கப் பார்க்கிறார்கள்.

சிறுவனின் விசாரணையும் பெரியவர்களின் விசாரணையும் சேர்ந்து நடக்காது. சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே உங்களுக்கு இரண்டு வழக்கு, இரண்டு இடம், இரண்டு கோப்பு. நீங்கள் நான்கு மாதமாக ஒன்றின் பின்னால் மட்டுமே ஓடியிருக்கிறீர்கள். அமர்வு நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சிறுவனை ஒரு குற்றத்தில் ஈடுபடுத்தும் பெரியவருக்கு, அந்தக் குற்றத்தைத் தானே செய்தது போலவே தண்டனை என்கிறது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆவது பிரிவு. சட்டவிரோதச் செயலுக்குச் சிறுவர்களைப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு. சிறுவனுக்குச் சாராயம் கொடுத்ததற்கே அதே சட்டத்தின் 77-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை உண்டு. நீங்கள் இணைத்தனுப்பிய குற்றப்பத்திரிகை நகலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. மேல்விசாரணை கேட்டு மனுப் போட முடியும். டீக்கடைக்காரரின் வாக்குமூலம் பதிவாகியிருக்கிறதா, அன்றைய கைபேசி அழைப்பு விவரங்கள் எடுக்கப்பட்டனவா என்று முதலில் கேளுங்கள். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக உங்கள் தரப்பில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்ற அனுமதியும் கேட்கலாம்.

இதனால் பையன் மீதான வழக்கு லேசாகிவிடும் என்று பயப்படுவீர்கள். ஓரளவு ஆகலாம். குற்றம் நடந்த சூழல் என்ன என்பதையும் குழுமம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதில் இந்த உண்மை போய்ச் சேரும். அதை மறைத்து வைத்து நீங்கள் பெறும் எந்தத் தீர்ப்பும் மேல்முறையீட்டில் ஆட்டம் காணும். என் தம்பி ஏன் செத்தான் என்று முதல் பக்கத்திலேயே கேட்டிருக்கிறீர்கள். அந்த 'ஏன்' இருப்பது அமர்வு நீதிமன்றத்துக் கோப்பில்தான்.

புகைப்படமும் இரண்டு லட்சமும்

பையனின் புகைப்படம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பரப்பிய உறவினர்களை இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். நீதி கேட்டு நிற்பவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டாம்.

பணத்தைத் தொட வேண்டாம். கொலை, இரு தரப்பும் சமாதானம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய வழக்கு அல்ல. சாட்சியை மாற்றிச் சொல்ல வாங்கும் பணம் தனிக் குற்றம். அந்தத் தாயை உள்ளே விட்டதற்காக அம்மாவைத் திட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் அம்மாவிடம் வருத்தம் தெரிவித்துவிடுங்கள். காலில் விழுந்தவரை எழுப்பி ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது எந்த வழக்கையும் கெடுக்காது. மன்னிப்பதா வேண்டாமா என்பதில் நான் தலையிட மாட்டேன், அதற்கு வாய்தா தேதி கிடையாது.

உங்கள் சித்தப்பா மகன்

'அவன் ஊருக்குள் வரட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறான். தொழுவத்து உத்தரத்தில் ஒரு அரிவாளைச் செருகி வைத்திருக்கிறான். அண்ணன் மேல் அவ்வளவு பாசம்.' இதை நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, 17 வயதுப் பையன் ஒருவனுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தேன். கொலை வழக்குதான். ஒரு நாள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியவனை பஸ் நிறுத்தத்தில் வெட்டிப் போட்டார்கள். வெட்டிய நால்வரில் ஒருவனுக்கு வயது 16. செத்தவனால் கொல்லப்பட்டவருடைய தம்பி. அடுத்த வாரம் அவனுடைய தாய், தனக்கு வேறு வக்கீல் யாரையும் தெரியாது என்று என் அலுவலகத்துக்கே வந்து நின்றார்.

உங்கள் வீட்டுப் பையனுக்கு 16 முடிந்துவிட்டது என்கிறீர்கள். அவன் எதையாவது செய்தால், இன்று பக்கத்து வீட்டுப் பையனுக்காக நீங்கள் தட்டும் அதே கதவு அவனுக்கும் திறக்கும். அன்றைக்கு நீங்கள் குழுமத்துக்குச் சென்று, அவன் சின்னப் பையன், அண்ணன் செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துச் செய்துவிட்டான், ஊரார் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்வீர்கள். சொல்வதெல்லாம் உண்மையாகவும் இருக்கும்.

பள்ளி முடிகிற வரை அவனை வெளியூர் விடுதியிலோ, உங்கள் அத்தை வீட்டிலோ விடுங்கள். அம்மா பேச்சை மட்டும் கேட்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவையே பேசச் சொல்லுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். அதற்கு முன்பு, இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும், தொழுவத்துக்குப் போய் அந்த அரிவாளை எடுத்துவிடுங்கள்.